சேமித்த பூண்டு ஏன் அழுகுகிறது? அறுவடை முதல் விதைப்பூண்டு வரை முழுமையான வழிகாட்டி

பரணில் கட்டித் தொங்கும் பூண்டு வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கையில் எடுத்தால் கனம் இருக்காது. விரலால் அழுத்தினால் பொசுக்கென்று உள்ளே போகும். தோலை உரித்தால் பல் இருந்த இடத்தில் நீலப் பொடியோ கருப்புப் பொடியோ கொட்டும். நான்கு மாதம் நட்டு, களையெடுத்து, பனிக்கும் மழைக்கும் காத்து வளர்த்த வெள்ளாமை, நல்ல விலை வரட்டும் என்று காத்திருந்த நேரத்தில் கைநழுவிப் போவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

எங்கள் வீட்டிலும் ஒரு வருஷம் அப்படிப் போனது. கொடைக்கானல் மேல்மலையில் மே, ஜூனில் நட்ட பூண்டு, வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரத்தில்தான் அறுவடைக்கு வரும். மழைக்குப் பயந்து, அரைகுறையாய்க் காய்ந்த பூண்டை பிளாஸ்டிக் சாக்கில் அள்ளிக் கட்டி அடுக்கிவிட்டோம். ஆறு வாரம் கழித்துப் பிரித்தபோது ஓரத்தில் இருந்தவை தப்பித்திருந்தன. மூட்டையின் நடுவில் இருந்தவை கையோடு நசுங்கின. அந்த வருஷம் கிடங்கைத்தான் குறை சொன்னோம். ஓதம் ஏறியது, எலி போனது, காற்று போதவில்லை என்று பேசிக்கொண்டோம். காரணம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. டிசம்பரில் கண்ணுக்குத் தெரியும் அழுகல், அக்டோபரில் பட்ட ஒரு காயத்தின் வழியாகவோ காயாத கழுத்தின், அதாவது இலைகள் பூண்டோடு சேரும் இடத்தின், வழியாகவோ உள்ளே போன பூஞ்சாணம். சில சமயம் நட்ட விதைப்பல்லிலேயே கூட வந்திருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் கிடங்குக்குக் கொடுக்கும் இடத்தைவிட அதற்கு முந்தைய மூன்று வாரத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பூண்டே மருந்தாயிற்றே, அதில் எப்படிப் பூஞ்சாணம் பிடிக்கும்?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பூண்டின் கிருமி கொல்லும் சக்தி அல்லிசின் என்ற பொருளில் இருக்கிறது. முழுப் பல்லில் அல்லிசின் இருப்பதில்லை. பல் நசுங்கும்போது, தனித்தனியாக இருந்த இரண்டு பொருள்கள் கலந்து அந்த நொடியில்தான் அது உண்டாகிறது. உண்டான அல்லிசினும் நெடுநேரம் நிலைக்காது. மேலும், பூண்டையே உணவாகக் கொண்டு வாழும் பூஞ்சாணங்கள் அந்தக் காரத்தைத் தாங்கப் பழகியவை. வெள்ளை அழுகல் நோயைத் தரும் பூஞ்சாணம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மண்ணில் வருடக்கணக்கில் தூங்கும் அதன் வித்துகள், பூண்டு வேரிலிருந்து கசியும் வாசனைப் பொருளை உணர்ந்துதான் விழிக்கின்றன.

படி 1: எந்த அழுகல் என்று கண்டறியுங்கள்

அழுகல் என்று ஒரே பெயரில் சொல்லிவிட்டால் வைத்தியம் கிடைக்காது. குவியலின் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து என்று கலந்து இருபது பூண்டுகளை எடுத்து, வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய் உரித்துப் பாருங்கள். கத்தியால் குறுக்கே வெட்டாமல் பல் பல்லாகப் பிரியுங்கள். நோய் அடித்தட்டில் (வேர் முளைக்கும் அடிப்பகுதியில்) தொடங்கியதா, கழுத்தில் தொடங்கியதா, பல்லின் பக்கவாட்டில் தொடங்கியதா என்பதுதான் பாதி விடை.

நீலப் பூஞ்சாணம்: பெனிசிலியம் வகை. உலகில் பூண்டு விளையும் இடங்களிலெல்லாம் சேமிப்பில் வரும் நோய். முதலில் பல்லின் மேல் வெளிறிய, நீர் கோத்தது போன்ற தழும்பு. பிறகு அதன் மேல் வெள்ளை நூல். அது நீலப்பச்சைப் பொடியாக மாறும். பல் மிருதுவாகி, கடைசியில் சுருங்கி வற்றிவிடும். வெளித்தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே இத்தனையும் நடந்துவிடுவதால்தான் மோசம் போகிறோம். இது காயம் வழியாகத்தான் நுழைகிறது. மண்ணில் நெடுநாள் தங்குவதில்லை. ஒரு வருஷத்திலிருந்து அடுத்த வருஷத்துக்கு அதைக் கொண்டுபோவது நாம் நடும் விதைப்பல். இது பெரிய செய்தி, கடைசிப் படியில் மறுபடி வருகிறேன்.

ஃபுசேரியம் உலர் அழுகல்: பல்லின் மேல் இளம்பழுப்பு நிறத்தில் குழி விழுந்த புள்ளி. நாளாக ஆகப் புள்ளி விரிந்து பல் முழுதும் பழுப்பாகி, கெட்டியாக, தக்கை போல ஆகும். குழிக்குள் வெள்ளை அல்லது லேசான ரோஸ் நிறத்தில் நூல் தெரியலாம். நீலமோ கருப்போ இல்லாததால் பலர் இதை நோயாகவே நினைப்பதில்லை, "அடிபட்டது" என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். நோய் உள்ளே இருக்கும்போதே பல் நல்லதாகத் தோன்றும். இதைத் தரும் பூஞ்சாணங்களில் முக்கியமான ஒன்று ஃபியூமோனிசின் என்ற நச்சையும் உண்டாக்கக்கூடியது.

இதன் பங்காளிதான் அடித்தாள் அழுகல். இது வயலிலேயே தொடங்கும். இலை நுனியிலிருந்து மஞ்சளாகி வரும், வேர் அழுகி எளிதில் உதிரும், அடித்தட்டில் பழுப்பு ஏறியிருக்கும். அறுவடையின்போது லேசாக இருந்தது, சேமிப்பில் அடியிலிருந்து மேலே ஏறிப் பற்களைத் தின்னும்.

கருப்புப் பூஞ்சாணம்: ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். வெங்காயத்தில் எல்லோரும் பார்த்திருக்கும் அதே கரித்தூள். தோலுக்கும் பல்லுக்கும் இடையில் கருப்பாய்ப் படியும். சுமார் 30 டிகிரி வெப்பமும் கூடவே ஈரமும் இதற்குப் பிடித்தமானவை. அதனால் மேல்மலையில் குறைவு. சமவெளிக்கு இறங்கி, தகரக் கூரைக் கிடங்கில் கிடக்கும் பூண்டில் அதிகம்.

கழுத்து அழுகல்: பொட்ரைட்டிஸ் வகை. குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும். கழுத்தில் நீர் கோத்த மிருதுத்தன்மையாகத் தொடங்கி, சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்து, பிறகு கருப்பு முடிச்சுகள் உண்டாகும். கழுத்து காயாத பூண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

வெள்ளை அழுகல்: அடித்தட்டைச் சுற்றிப் பஞ்சு போல வெள்ளைப் படலம், அதன் நடுவே கசகசா அளவில் கருப்பு மணிகள். அந்த மணிகளைக் கண்டால் உடனே வேலையை நிறுத்துங்கள். அது கிடங்கு நோய் அல்ல, நிலத்து நோய். அந்த மணிகள் மண்ணில் 20 வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். அந்தப் பூண்டு எந்தப் பாத்தியில் வந்தது என்று தேடிப்பிடித்து, அங்கே பூண்டு, வெங்காயம் நடுவதை விட்டுவிட வேண்டும். அந்தப் பாத்தியில் புழங்கிய மண்வெட்டி, ஏர், செருப்பு எதையும் மண் போகக் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வெளித்தோலில் மட்டும் கரித்திட்டு இருந்து பல் கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம். விலை குறையும், சாப்பிடத் தடையில்லை.

பூஞ்சாணம் அல்லாத சிலவும் உண்டு. பல் மெழுகு போல அம்பர் நிறத்தில் கண்ணாடித்தன்மையாக ஆகியிருந்தால், அது வெயில் சூட்டாலோ காற்றோட்டமில்லாத சேமிப்பாலோ வருவது. கூழாகி நாற்றமடித்தால் பாக்டீரியா. பல் வற்றித் தூசி படிந்தாற்போல் இருந்தால் கண்ணுக்கே தெரியாத சிலந்திப் பேனாக இருக்கலாம், லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பேன் போடும் காயம் பூஞ்சாணத்துக்கும் வாசல் திறந்துவிடும்.

படி 2: அறுவடைக்கு முன்பு

அறுவடைக்கு பத்துப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். மழையை நிறுத்த முடியாது, ஆனால் மேட்டுப்பாத்தியும் வடிகாலும் வெட்டி வைத்திருந்தால் நின்ற தண்ணீரில் பூண்டு ஊறாமல் காக்கலாம். பயிர்க்காலத்தின் பின்பாதியில் யூரியா போடுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. காய் பெருக்கும் என்ற ஆசையில் போடுகிறோம். கழுத்து தடித்து, காய மறுத்து, முதலில் அழுகுவது அந்தப் பூண்டுதான்.

பறிக்கும் நாளைக் குறிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. பூண்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வெளித்தோலும் ஒரு தாளின் (இலையின்) அடிப்பகுதி. தாள் காய்ந்து அழுகினால் அந்தத் தோலும் போகும். எல்லாத் தாளும் சாயும் வரை காத்திருந்தால் தோல் கிழிந்து பல் விரிந்த பூண்டுதான் மண்ணிலிருந்து வரும். அதைச் சேமிக்கவே முடியாது. கீழ்த் தாள்கள் காய்ந்து, மேலே நான்கைந்து தாள் இன்னும் பச்சையாக இருக்கும்போது நாலு இடத்தில் தோண்டிப் பாருங்கள். பல் முட்டி நிற்க வேண்டும், தோல் முழுதாக இருக்க வேண்டும். அதுதான் பதம். சீக்கிரம் பறித்தாலும் தோல் மெலிந்து, ஈரம் மிகுந்து, காய நாளாகும்.

படி 3: பறிக்கும் நாள்

முடிந்தால் இரண்டு மூன்று நாள் மழை இல்லாத இடைவெளியைப் பிடியுங்கள். மண்ணைக் கொத்தி இளக்கிவிட்டுத் தூக்குங்கள். தாளைப் பிடித்து இழுத்தால் கழுத்து முறியும், அங்கே ஒரு வாசல் திறக்கும். மண்ணை உதிர்க்கப் பூண்டோடு பூண்டை அடிக்கும் பழக்கத்தை எங்கள் வீட்டில் விடுவதற்கு வெகுநாள் பிடித்தது. அந்த அடியில் தோல் கிழியாது, உள்ளே பல் கன்றிவிடும். கன்றிய இடத்தில்தான் நீலப் பூஞ்சாணம் குடியேறும். ஒட்டிய மண் காய்ந்தால் தானே உதிரும், விட்டுவிடுங்கள். பூண்டைத் தண்ணீரில் கழுவவே கூடாது. கூடையில் எறியாமல் வையுங்கள். கொத்து பட்ட பூண்டைத் தனியாகப் போட ஆளுக்கொரு கூடை கொடுங்கள். மாலையில் தேடிப் பொறுக்கலாம் என்றால் நடக்காது.

படி 4: காய்ச்சல் கொடுத்தல்

மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்து இதில் தவறினால் பயனில்லை. இதைச் சரியாகச் செய்தால் மற்றதில் சிறு தவறுகள் பொறுத்துக்கொள்ளும்.

தாளையும் வேரையும் வெட்டாமல் அப்படியே காயவைக்க வேண்டும். தாளில் உள்ள ஈரம் மெல்ல வற்றி, கழுத்து சுருங்கி இறுகும்போதுதான் பூண்டுக்கு மூடி விழுகிறது. பச்சைக் கழுத்தை வெட்டுவது திறந்த புண்ணோடு பூட்டி வைப்பதற்குச் சமம்.

வெயில் இருந்தால் வயலிலேயே நான்கைந்து நாள் முதல் ஒரு வாரம் வரை பரப்பலாம். ஒரு வரிசைப் பூண்டின் மேல் அடுத்த வரிசையின் தாள் படும்படி சாய்த்து அடுக்குங்கள். வெறும் வெயில் பட்டால் பல் வெந்து மெழுகாகும். பிறகு நிழலில், காற்றோடும் இடத்தில், பத்து முதல் இருபது நாள். மழைக்காலத்தில் பறித்தால் வயலில் ஒரு இரவுகூட விடாதீர்கள், நேரே கூரைக்கடியில் கொண்டுவந்துவிடுங்கள். இருபது, இருபத்தைந்து பூண்டு கொண்ட சிறு கட்டாகக் கட்டி, கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். பெரிய கட்டு வேலையைக் குறைக்கும், நடுவில் உள்ளவற்றை அழுக வைக்கும். தொங்கவிட இடமில்லையென்றால் மூங்கில் தட்டிமேல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். சிமெண்ட் தரையும் தார்ப்பாயும் வேண்டாம், அடியில் வேர்க்கும். மின்வசதி இருந்தால் ஒரு சாதாரண விசிறியை ஓடவிடுங்கள். மழைநாளில் சூட்டைவிடக் காற்றோட்டம் அதிகம் உதவும்.

மேல்மலையில் பெரியவர்கள் அடுப்புக்கு மேல் பரணில் கட்டிப் புகையில் காயவைப்பதை நான் பழைய பழக்கம் என்று ஒதுக்கமாட்டேன். அந்தச் சூட்டில் காற்றின் ஈரம் குறைகிறது, புகை தோலின் மேல் பூஞ்சாணத்துக்கு ஒவ்வாத படலத்தைப் போடுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு, அதைப் படி 6-ல் சொல்கிறேன். தீ மட்டும் சின்னதாக இருக்க வேண்டும். கட்டின் அருகே கை வைத்தால் இதமான சூடாகத் தெரிய வேண்டும். கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் பூண்டு வேகிறது என்று பொருள். தோல் பழுப்பேறும், அதில் குற்றமில்லை.

காய்ந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? கழுத்தை இரண்டு விரலில் பிடித்து உருட்டுங்கள். உள்ளே வழுக்கும் உணர்வு இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வேர் ஒடிய வேண்டும், வளையக்கூடாது. வெளித்தோல் சருகு போலச் சலசலக்க வேண்டும். நாலைந்து பூண்டைக் கழுத்துக்கு ஒரு அங்குலம் மேலே வெட்டிப் பாருங்கள், பச்சை தெரியக்கூடாது. இவற்றைவிட நம்பகமானது தராசு. ஒரே கட்டுக்கு அடையாளம் கட்டி, தினம் காலையில் அதே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கும். மூன்று நாள் தொடர்ந்து ஏறக்குறைய ஒரே எடை நின்றால் காய்ச்சல் முடிந்தது. எடை குறைகிறதே, மண்டியில் காசு போகிறதே என்று ஈரத்தோடு விற்பவர்கள் உண்டு. உடனே விற்பதானால் அது அவரவர் கணக்கு. வைத்து விற்பதானால் அந்தத் தண்ணீர்தான் உங்கள் பூண்டைத் தின்னப் போகிறது.

படி 5: வெட்டு, தரம் பிரி

காய்ந்த பிறகு வேரை ஒட்ட நறுக்கி, கழுத்தை இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் விட்டு வெட்டுங்கள். அடித்தட்டில் கத்தி படக்கூடாது. கட்டாகவே தொங்கவிடுவதானால் வெட்டவே வேண்டாம்.

பிரிக்கும்போது மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். தோல் கிழிந்தது, பல் விரிந்தது, கழுத்து தடித்தது, கொத்து பட்டது ஆகியவை இன்றோ இந்த வாரமோ விற்கவோ வீட்டில் செலவழிக்கவோ வேண்டியவை. மெத்தென்று இருப்பதும் வாசனை மாறியதும் எரிக்கவோ புதைக்கவோ வேண்டியவை. சேமிப்புக்குப் போவது முழுத்தோல் மூடிய கெட்டிப் பூண்டு மட்டுமே.

படி 6: வைக்கும் இடம்

பூண்டுக்கு ஒத்துவரும் வெப்பம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, உறைநிலையை ஒட்டிய 0 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம். இது குளிர்பதனக் கிடங்கில்தான் முடியும், ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும். இன்னொன்று, 25 முதல் 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழே. இதில் மூன்று நான்கு மாதம் தாங்கும். இரண்டுக்கும் நடுவில், குறிப்பாக 5 முதல் 15 டிகிரி வரை, பூண்டுக்கு முளைக்கச் சொல்லும் குளிர். முளைவிட்ட பல் தளர்ந்து, பூஞ்சாணத்துக்கு எளிதாக இடம் கொடுக்கும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் முழுப் பூண்டை வைக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். மேல்மலையின் இரவுக் குளிரும் இந்த எல்லைக்குள்தான் வருகிறது. அடுப்புப் பரண் ஈரத்தை மட்டும் விரட்டவில்லை, அந்தக் குளிரிலிருந்தும் பூண்டைக் காத்து வந்திருக்கிறது.

உருளைக்கிழங்குக் குளிர்க்கிடங்கில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிழங்குக்கு 90 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும், பூண்டுக்கு அது எமன்.

ஈரப்பதம் காட்டும் சிறு கருவி வாங்கி மாட்டுங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மூடியில் சமையல் உப்பை எடுத்து, ஈர மணல் பதத்துக்கு சில துளி தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, ஒரு இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் கருவி ஐந்து கூட்டிச் சொல்கிறது, கழித்துக்கொள்ளுங்கள்.

வலைப்பையோ, இடைவெளி விட்ட மரப்பெட்டியோ, மூங்கில் பட்டறையோ எதுவானாலும் தரையிலிருந்து ஓர் அடியாவது உயரட்டும், சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். பாலிதீன் பையும் பிளாஸ்டிக் சாக்கும் வேண்டவே வேண்டாம். மூட்டை மேல் மூட்டை ஏற்றினால் அடி மூட்டைப் பூண்டு கன்றும். மழைநாளில் ஜன்னலைத் திறந்து "காற்றாட" விடுவது தவறு. வெளிக்காற்று உள்ளிருப்பதைவிட ஈரமாக இருக்கும்போது மூடுங்கள், வெயில் ஏறியதும் திறங்கள்.

மருந்தைப் பற்றி: உண்ணும் பூண்டின் மேல் பூஞ்சாணக்கொல்லியைத் தூவவோ அதில் நனைக்கவோ கூடாது. உள்ளே போய்விட்ட பூஞ்சாணத்தை அது தொடாது, சாப்பிடுபவர் வயிற்றுக்குத்தான் போகும்.

படி 7: கிடங்கைப் பார்த்துவருவது

முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை. கதவைத் திறந்ததும் முதலில் மூக்கால் பாருங்கள். மக்கிய வாசம் வந்தால் எங்கோ தொடங்கிவிட்டது. ஒவ்வொரு பையிலும் நடுவில் கை விட்டு நாலு பூண்டை எடுத்து அழுத்துங்கள். கெட்டதை அங்கேயே தட்டி உதிர்க்காமல் ஒரு பையில் மூடி வெளியே கொண்டுபோங்கள். உதிரும் ஒவ்வொரு துளிப் பொடியிலும் எண்ண முடியாத வித்துகள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், ஆஸ்துமா உள்ளவர்களை இந்த வேலைக்கு விடாதீர்கள். கெட்ட பூண்டை எருக்குழியில் போட்டால் அது எருவோடு வயலுக்கே திரும்பும். எரியுங்கள், அல்லது பயிர் செய்யாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள்.

சமையலறைக்கு ஒரு வார்த்தை. பூஞ்சாணம் பிடித்த பல்லைப் பாதி வெட்டி மீதியைப் பயன்படுத்தாதீர்கள், முழுப் பல்லையும் எறியுங்கள். அதே பூண்டில் தன் தோல் கிழியாமல் கெட்டியாக இருக்கும் மற்றப் பற்களை உரித்துப் பார்த்துப் பயன்படுத்தலாம். பழுப்புக் குழி விழுந்தவை நச்சு இருக்கக்கூடியவை என்பதால் அவற்றில் தயவே வேண்டாம், விழுதாக்கினாலும் பொடியாக்கினாலும் அந்த நச்சு போகாது. ஊறுகாயில், விழுதில் நல்ல பூண்டு பச்சை நீலமாக மாறுவது வேறு சங்கதி. அது பூண்டின் சத்துகளும் புளிப்பும் சேர்ந்து வரும் நிறம், பூஞ்சாணம் அல்ல. மிஞ்சியதைக் காப்பாற்றுகிறேன் என்று உரித்த பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியில் வைப்பது மட்டும் கூடாது. காற்றில்லாத அந்த எண்ணெயில் உயிரைப் பறிக்கும் பாட்டுலிசம் நச்சு உண்டாக முடியும்.

படி 8: விதைப்பூண்டு

சேமிப்பில் அழுகாமல் நின்ற பூண்டையெல்லாம் மண்டிக்கு அனுப்பிவிட்டு, கழிவிலிருந்து விதை எடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நீலப் பூஞ்சாணமும் ஃபுசேரியமும் வருஷா வருஷம் திரும்பி வருவது இந்த வழியில்தான். விதைக்கானதை வயலில் பயிர் நிற்கும்போதே தேர்ந்தெடுங்கள். மஞ்சள் காணாத, சீராக வளர்ந்த பாத்திக்குக் குச்சி நட்டு அடையாளம் வைத்து, தனியாகப் பறித்து, தனியாகக் காயவைத்து, தனியாகத் தொங்கவிடுங்கள். ஃபுசேரியம் உள்ள பல் நல்ல பல் போலவே இருக்கும் என்பதால், பிறகு கண்ணால் பொறுக்குவதைவிட இதுவே பாதுகாப்பு.

பற்களை நடுவதற்கு முந்தைய நாளோ அன்றோதான் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது ஒவ்வொரு பல்லின் அடியிலும் புதுக்காயம். ஒரு வாரம் முன்பே பிரித்துக் குவித்தால், ஒரு நோய்ப்பூண்டின் நீலப்பொடி குவியல் முழுதும் பரவி அந்தக் காயங்களில் தங்கிவிடும். பிரிக்கும் வேலையைக் கிடங்குக்குள் செய்யாதீர்கள், வெளியே திண்ணையிலோ களத்திலோ செய்யுங்கள். நோய்ப்பூண்டு கையில் பட்டால் பிரிக்காமல் முழுதாக ஒதுக்கிவிட்டு, கையைக் கழுவிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். பிறகு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம்) கலந்து, நிழலில் உலர்த்தி நடலாம். ரசாயன மருந்தில் நேர்த்தி செய்த பல் மிஞ்சினால், அது மறுபடி சமையலறைக்கு வரவே கூடாது.

பூண்டு எடுத்த பாத்தியில் அடுத்து மூன்று நான்கு வருஷமாவது பூண்டும் வெங்காயமும் வேண்டாம். பீன்ஸ், காரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு என்று மாற்றுங்கள். கட்டுகளில் பாத்தியின் பெயரையும் பறித்த தேதியையும் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். டிசம்பரில் ஒரு கட்டு அழுகியிருந்தால், மற்றவற்றை விட்டுவிட்டு அதே பாத்திக் கட்டுகளை அன்றைக்கே இறக்கிப் பிரித்துப் பார்க்க அந்த அட்டைதான் உதவும்.